போயா நாளில் ஒன்பது கிளாஸ்

வைன் குடியில் சேர்த்தியா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெளிவில்லை. கொட்டாஞ்சேனையில் கேட்டால் இல்லை என்பார்கள். வெள்ளவத்தையில் எங்கள் அடுக்குமாடி பிளட்ஸில் கேட்டால் கேட்டவளையே ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பொல்கொடை வாவிக்கரையில் இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே மேசையில் இருந்தோம். அன்றைக்கு யாராவது எனக்கு ஒரு தெளிவான பதில் சொல்லியிருந்தால் நான் அந்தக் கூத்தை ஆடியிருக்கமாட்டேன்.

மகனுக்குக் கல்யாணம் பேசி முடித்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பெண்ணின் வீடு கொட்டாஞ்சேனை, கத்தோலிக்கக் குடும்பம். மகனும் அவளும் நுகேகொடையில் ஒரே அலுவலகத்தில் வேலை. பார்த்தது, பழகியது, முடிவெடுத்தது எல்லாம் அவர்களேதான். பெரியவர்களுக்கு மிச்சம் இருந்தது சண்டை பிடிக்காமல் இருப்பது மட்டும். ஒரு நாள் தேவாலயம், மறுநாள் கோயிலில் தாலி என்று இரு வீட்டாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கதைத்து ஒரு வழிக்கு வந்தோம். நாங்கள் அவர்களுடைய வேதத்தைக் குறைவாக நினைக்கிறோமோ என்று அவர்களுக்குப் பயம். அவர்கள் எங்களுடைய சாமியைக் குறைவாக நினைக்கிறார்களோ என்று எனக்குப் பயம். அதனால் எல்லாரும் அளவுக்கு மீறி மரியாதையாக நடந்துகொண்டோம்.

அந்த மரியாதையின் தொடர்ச்சியாகத்தான் சம்பந்தி பொல்கொடை வாவிக்கரையில் ஒரு வீட்டை விடுமுறைக்கு எடுத்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தண்ணீரைப் பார்க்காவிட்டால் அவருக்கு நித்திரை வராது. இரண்டு குடும்பமும் ஒன்றாக இருந்து சாப்பிட்டுப் பழகவேண்டும் என்று அழைத்தார். நல்ல எண்ணம். போகாமல் இருக்க நான்தான் சாட்டுத் தேடினேன்.

காரணம் இவர். என் வீட்டுக்காரர் ஆறு வருசத்துக்கு முன்பு வரைக்கும் குடித்தவர். சும்மா கல்யாண வீட்டில் ஒரு மிடறு என்கிற கதை இல்லை, குடி. மகனின் பட்டமளிப்பு நாளன்று பகல் பதினொரு மணிக்கே தள்ளாடிக்கொண்டு மண்டப வாசலுக்கு வந்து நின்றார். மகனுடைய சிநேகிதர்கள் யார் இவர் என்று கேட்க, அவன் என் முகத்தைப் பார்க்காமல், எங்கட பிளட்ஸில இருக்கிற ஒரு அங்கிள் என்று சொன்னான். அது இவருடைய காதில் விழுந்தது. அடுத்த நாள் விட்டார். ஆஸ்பத்திரி, நடுக்கம், வியர்வை எல்லாம் பட்டுத்தான் விட்டார். அதன் பிறகு சட்டைப் பையில் எந்த நேரமும் இஞ்சி டொபி. தேத்தண்ணீருக்கு மூன்று கரண்டி சீனி.

நான் மட்டும் விடவில்லை. ஆறு வருசமாக இவர் வெளியில் போய் வரும்போது கதவைத் திறந்து, கையில் இருக்கிற பையை வாங்குகிற சாட்டில் கிட்டப் போய் ஒரு மூச்சு இழுத்துப் பார்ப்பேன். இவர் நல்ல உயரம். பையைத் தரும்போது கொஞ்சம் குனிவார். இடுப்புப் பிடிப்பு என்று நினைத்துக்கொள்வேன். இஞ்சி மணம்தான் வரும். அதோடு அன்றைய நாள் எனக்கு முடிந்தது.

சம்பந்தி வீட்டுக்கு இதெல்லாம் தெரியாது. சொல்லவேண்டிய நேரத்தில் சொல்லவில்லை, பிறகு சொல்ல நேரம் வரவில்லை. குடிகாரன் மகனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று நான் பயந்தேன். மகனும் வாயைத் திறக்கவில்லை.

அதனால் மூளையைப் பாவித்து ஒரு திட்டம் போட்டேன். மூன்று நாள் வரச் சொன்னதை ஒரு இரவாகக் குறைத்தேன். போயாவுக்கு முதல் நாள் பின்னேரம் போய், போயா அன்று பொழுதுபடத் திரும்புவது. போயா என்றால் பௌர்ணமி, பௌத்தர்களின் புனித நாள்; அன்றைக்கு நாடு முழுக்கச் சாராயக் கடை பூட்டு. பெரிய ஹோட்டலில் கேட்டாலும் தரமாட்டார்கள். இதைவிடப் பாதுகாப்பான நாள் இலங்கையில் உண்டா? என் கெட்டித்தனத்தை நினைத்து மொரட்டுவை பாலம் தாண்டும் வரைக்கும் எனக்கே பெருமையாக இருந்தது.

முதல் நாள் பின்னேரம் ஒரு குறையும் இல்லை. மீன் பற்றிஸ் பொரித்துத் தந்தார்கள். நான் சைவம் என்று எனக்குத் தனியாக உருளைக்கிழங்கு வைத்து, தனி எண்ணெயில் பொரித்தார்களாம். சம்பந்தியும் இவரும் வாவிக்குள் நீட்டிக் கட்டியிருந்த மரப்பாலத்தில் கதிரை போட்டுத் தூண்டில் போட்டார்கள். ஒன்றும் அகப்படவில்லை. இரண்டு பேரும் சிரித்த சத்தம் வீட்டுக்குள் கேட்டது. இவர் இப்படிச் சிரித்து எவ்வளவு நாள் என்று நினைத்தேன்.

மறுநாள் மத்தியானச் சாப்பாடு முடிந்து, நான் வாவியைப் பார்த்துக்கொண்டு கண் சொருகிப் போயிருந்த நேரம், சம்பந்தி அம்மா மேசையில் வெள்ளைத் துணி விரித்தார். அதன் மேல் ஐந்து போத்தல். பழைய பழரசக் கோர்டியல் போத்தல்கள். ஒவ்வொன்றிலும் துண்டுக் கடதாசி ஒட்டிக் கையால் எழுதியிருந்தது. நெல்லி, அன்னாசி, ஜம்பு, மங்குஸ்தான். கடைசியில் இருந்தது அவரே கொட்டாஞ்சேனையில் நத்தார்ப் பண்டிகைக்குக் காய்ந்த திராட்சையை ஊறவைத்துப் போடுகிற முந்திரிகை வற்றல் வைன். மற்ற நாலும் வாவியைச் சுற்றி இருக்கிற வீடுகளில் போட்டவை. மொரட்டுவையில் இருக்கிற அவருடைய அக்கா வீடு வீடாகக் கேட்டு வாங்கி அனுப்பியிருக்கிறார். கல்யாணத்தன்று டோஸ்ட் என்று ஒன்று இருக்கிறதாம். இரண்டு தகப்பன்மாரும் கிளாஸை உயர்த்திப் பிள்ளைகளை வாழ்த்தி எல்லாருக்கும் முன்னால் குடிக்கவேண்டும். அதற்கு எந்த வைன் என்று இரண்டு வீட்டாரும் சேர்ந்து தெரிவு செய்யத்தான் இந்த ஏற்பாடு.

இன்றைக்குப் போயா அல்லவா என்று மெதுவாகக் கேட்டேன். சம்பந்தி அம்மா சிரித்தார்.

“அனே அக்கா, இது கடையில வாங்கினதா? வீட்டில போட்டது. இது குடி இல்ல, வைன்.”

இவருடைய முகத்தைப் பார்த்தேன். இவர் போத்தல்களைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை சட்டைப் பைக்குள் போய் டொபியைத் தேடியது.

மருந்து எடுக்கிறார், டொக்டர் கூடாது என்றிருக்கிறார் என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்துவிட்டு மூடினேன். கல்யாணப் பேச்சுக்கால் நடந்தபோது, அறுபது வயதாகியும் இவர் ஒரு பனடோல் மாத்திரை கூடப் போட்டதில்லை, எங்கள் பக்கம் ஒரு நோய் வருத்தமும் இல்லை என்று பெருமை அடித்தது நானேதான். சைவம் என்று சொல்லலாமா? நெல்லியும் அன்னாசியும் சைவம்தானே. எங்கள் சாமிக்கு ஆகாது என்றால், கோயிலும் தேவாலயமுமாக ஐந்து மாதம் கட்டிக் காப்பாற்றிய மரியாதை அந்த நிமிசமே உடைந்துவிடும். நான் யோசித்து முடிக்கும் முன் நெல்லி வைன் ஆளுக்கொரு கிளாஸில் வந்துவிட்டது.

சம்பந்தி ஒரு பீங்கான் கோப்பையை நடுவில் வைத்தார். வெளிநாடுகளில் ருசி பார்த்துவிட்டு விழுங்காமல் துப்புவார்களாம், விரும்பினால் துப்பலாம் என்றார். சொன்ன அவரே துப்பவில்லை. சம்பந்தி வீட்டு மேசையில் வெள்ளைத் துணிக்கு முன்னால் இருந்து யார் துப்புவது? அந்தக் கோப்பை கடைசி வரைக்கும் காய்ந்தே கிடந்தது.

இவருடைய கை கிளாஸை நோக்கிப் போனது. குடிக்கப் போனாரா, தள்ளி வைக்கப் போனாரா, எனக்குத் தெரியாது. இவரிடம் பிறகு கேட்டபோது தனக்கும் தெரியாது என்றார். நான் அந்தக் கைக்கு முந்திக் கிளாஸை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டேன். எல்லாரும் என்னைப் பார்க்க, என் வாய் என்னைக் கேளாமல் கதைத்தது.

“எங்கட பக்கம் நல்ல காரியத்துக்கு முன்னம் இப்பிடித்தான். அவருக்கு வாறதை மனுசிதான் வாங்கிக் குடிக்கவேணும். அதுதான் ராசி.”

எந்தப் பக்கம், எந்த ராசி? எனக்கே தெரியாது. புருசன் சாப்பிட்ட இலையில் பெண்சாதி சாப்பிடுகிற பழைய வழக்கம் ஒன்று எங்கேயோ மனதில் கிடந்து, அவசரத்தில் உருமாறி வந்து விழுந்துவிட்டது. ஆனால் சம்பந்தி அம்மா கண் கலங்கிவிட்டார். எவ்வளவு நல்ல வழக்கம் என்றார். தன் மகளைத் திரும்பிப் பார்த்து, பிள்ளை, இதெல்லாம் நீரும் தெரிஞ்சு வைச்சிருக்கவேணும் என்றார். அந்தப் பிள்ளை வாய் பிளந்து என் மகனைப் பார்த்தாள். அவன் கொக்கு ஒன்றைக் கண்டவன்போல வாவியைப் பார்த்தான்.

ஒரு கிளாஸோடு தப்பினேன் என்றுதான் நினைத்தேன். சம்பந்தி அம்மா எங்கள் வழக்கத்துக்கு மரியாதை செய்யவேண்டும் என்று முடிவெடுத்துவிட்டார். என்னுடைய பங்கை நான் குடித்து முடித்தேனா என்று பார்த்தார். பிறகு அன்னாசி வந்தது. இவருடைய கிளாஸை முழுக்க நிரப்பி, அதை இவருடைய கையில் கொடுத்து, இவர் என்னிடம் தரும் வரைக்கும் காத்து நின்றார். எனக்கு ஒன்று, இவருக்காக ஒன்று. பிறகு ஜம்பு. மறுபடி எனக்கு ஒன்று, இவருக்காக ஒன்று. வாழ்க்கையில் இருமல் மருந்தைத் தவிர ஒன்றும் வாயில் வைத்திராதவள் நான்.

நெல்லி துவர்த்தது, அன்னாசி தொண்டையில் எரிந்தது. ஜம்பு எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது, இனித்தது என்று நினைக்கிறேன். மங்குஸ்தான் வரும்போது வாவி வீட்டுக்கு இடது பக்கம் போயிருந்தது. ஒரு வள்ளம் வந்தது, அல்லது இரண்டு. எனக்குக் காது சுட்டது. யாரும் கேட்காமலே வெள்ளவத்தைச் சந்தையில் வெண்டிக்காய் முறித்துப் பார்த்து வாங்குவது எப்படி என்று சம்பந்திக்கு விளங்கப்படுத்தினேனாம். மகன் என் முழங்கையைத் தட்டினான். அம்மா போதும் என்று காதுக்குள் சொன்னான். எனக்குப் போதாமலா குடிக்கிறேன்? நான் நிறுத்தினால் அடுத்த கிளாஸ் எங்கே போகும் என்று அவனுக்குத் தெரியாதா? அவன் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவர் மேலும் வந்தது. இவ்வளவு நேரமும் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி இருந்து, கிளாஸை வாங்குவதும் என்னிடம் தருவதுமாக ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார்.

ஐந்தாவது, முந்திரிகை வற்றல். என் பங்கை எடுத்து வாயில் ஊற்றினேன். கிளாஸை மேசையில் வைக்கப் போய் மேசையைத் தவறவிட்டேன். அது கீழே விழுந்து உடைந்தது. சம்பந்தி அம்மாவும் சம்பந்தியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எவ்வளவு வெறியிலும் அந்தப் பார்வை எனக்கு விளங்கியது. மாமி குடிப்பா போல கிடக்கு என்கிற பார்வை அது. மகளைக் கொடுக்கப்போகிற வீட்டைப் பற்றி இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வந்த சந்தேகம். எதை மறைக்க இவ்வளவும் குடித்தேனோ, அது என் தலையில் வந்து ஏறிவிட்டது. இவருடைய ஐந்தாவது கிளாஸ் நிரம்பிய நிலையில் மேசையில் இருந்தது. நான் அதற்குக் கையை நீட்டினேன்.

இவர் தன் உள்ளங்கையால் அந்தக் கிளாஸை மூடினார்.

“அவ குடிக்கிறவ இல்ல. எங்கட பக்கம் இப்பிடி ஒரு வழக்கமும் இல்ல. குடிகாரன் நான்தான். விட்டு ஆறு வருசம். நான் தொடக்கூடாதெண்டுதான் அவ என்ர பங்கையும் குடிச்சவ.”

எனக்கு அழுகை வந்தது. ஆறு வருசத்தில் இவர் அந்தச் சொல்லைத் தன் வாயால் சொன்னதை நான் கேட்டதில்லை, ஆஸ்பத்திரியில் கூட இல்லை. இப்போது மகனுடைய கல்யாணத்தையும் வைத்துக்கொண்டு, போயும் போயும் சம்பந்திக்கு முன்னால்.

சம்பந்தி என் மகனைப் பார்த்து, இது உமக்குத் தெரியுமா என்று கேட்டார். அவன் எழும்பிப் போய்த் தகப்பனின் கதிரைக்குப் பின்னால் நின்றான்.

“தெரியும். மறைச்சது நான். இவர் என்ர அப்பா.”

அந்தப் பிள்ளைக்கும் அவன் சொல்லியிருக்கவில்லை. அவள் முகத்திலேயே தெரிந்தது. முடிந்தது கதை என்று நினைத்தேன். ஐந்து மாதம், கோயில், தேவாலயம், எடுத்து வைத்த கூறைச்சேலை எல்லாம் அந்த வாவிக்குள் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சம்பந்தி அம்மா அழத் தொடங்கினார். அப்படிப்பட்ட மனுசனுக்கு அஞ்சு முறை நானே கிளாஸை நிரப்பினேனே, ஏன் அக்கா என்னிடம் ஒரு சொல்லுச் சொல்லவில்லை என்று கேட்டார். ஏன் சொல்லவில்லை? வெட்கம்தான். வேறு என்ன?

சம்பந்தி எழும்பி மரப்பாலத்தின் பக்கம் நடந்தார். கொஞ்சத் தூரம் போய்த் திரும்பி இவரைப் பார்த்துத் தலையை அசைத்தார். இவரும் போனார். முதல் நாள் தூண்டில் போட்ட அதே இரண்டு கதிரைகளில் இருந்தார்கள். அரை மணித்தியாலம் இருக்கும். என்ன கதைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் இவர், மீனைப் பற்றி என்பார்.

அந்தப் பிள்ளை மேசையில் இருந்த ஐந்து போத்தல்களையும் ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோனாள். உடைந்த கிளாஸைக் கூட்டி அள்ளினாள். என் மகனோடு ஒரு சொல்லும் பேசவில்லை. அவன் கதைக்கப் போனபோது, பிறகு என்று கையால் காட்டினாள். அதைப் பார்க்க எனக்குப் பயமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது. பிறகு தேத்தண்ணீர் போட்டுத் தட்டத்தில் வைத்து மரப்பாலத்துக்கே கொண்டுபோனாள். அவள் இவரைக் கேட்டது, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற என் காதிலும் விழுந்தது.

“அங்கிள், உங்களுக்குச் சீனி எவ்வளவு?”

“மூண்டு” என்றார் இவர்.

அவள் மூன்று கரண்டி போட்டுக் கலக்கிக் கொடுத்தாள்.

வெளிக்கிடும்போது சம்பந்தி கார் யன்னல் பக்கம் வந்தார். நான் முன் இருக்கையில் நிமிர்ந்து இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தேன். எந்த வைன் என்று முடிவாகவில்லையே என்று நான்தான் கேட்டேன். அந்த நிலையிலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. அவர் சிரிக்காமலே சொன்னார்.

“சனத்துக்கு எதையும் ஊத்துவம் அக்கா. ஆனா டோஸ்ட்டுக்கு ரெண்டு கிளாஸில ஜிஞ்சர் பியர். ஒண்டு அண்ணாவுக்கு, ஒண்டு எனக்கு.”

அது மன்னிப்பா, இரக்கமா, இல்லை இனிமேல் இவரைக் கண்காணிக்கப்போகிறேன் என்கிறதா என்று காலி வீதி முழுக்க யோசித்தேன். மகன் ஓட்டினான், இவர் பின்னால் இருந்தார். இரத்மலானையில் ஒரு முடிவுக்கு வந்தேன், தெஹிவளையில் அது மறந்துவிட்டது.

பொழுதுபட வீட்டுக்கு வந்தோம். மகன் காரை நிறுத்தப் போக, நாங்கள் இருவரும் லிப்டில் ஏறினோம். இவர் கதவைத் திறந்து எனக்கு முன்னால் உள்ளே போனார். நான் செருப்பைக் கழற்றத் தெரியாமல் கழற்றி நிமிர்ந்தபோது, என் கையில் இருந்த பையை வாங்கினார். வாங்கும்போது என் முகத்துக்குக் கிட்ட வந்து, ஒரு மூச்சு இழுத்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்னப்பா இது என்றேன்.

“ஆறு வருசமா நீ பாக்கிறாய். நான் ஒரு நாள் பாத்தா என்ன?”

சிரித்தேனா, அழுதேனா என்று தெரியவில்லை. வாசலிலேயே நிலத்தில் இருந்துவிட்டேன். இவர் ஒரு இஞ்சி டொபியின் கடதாசியைப் பிரித்து என் வாயில் போட்டுவிட்டு, தேத்தண்ணீர் போடக் குசினிக்குள் போனார்.

அடுத்த நாள் பின்னேரம் இவர் இரவுச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கக் கடைக்குப் போய் வந்தார். எனக்குத் தலையிடி இன்னும் விட்டபாடில்லை. கதவைத் திறந்தேன். பையை வாங்கினேன். கிட்டப் போகாமல், மூச்சு இழுக்காமல் திரும்பினேன். அது சரியா பிழையா என்று யோசித்துக்கொண்டே இரண்டு அடி வைத்துத் திரும்பிப் பார்த்தால், பை கையில் இல்லாமலே இவர் முகத்தை என் பக்கம் நீட்டி, வழக்கம்போலக் கொஞ்சம் குனிந்தபடியே வாசலில் நின்றார்.